குரங்கின் உயரத்தில் ஒரு காமிரா: மெய்நிகர்க் காட்சியைச் சூழல் கல்விக்குப் பயன்படுத்துவது எப்படி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் தடுப்புச் சுவர் ஓரத்தில், உட்கார்ந்திருக்கும் குரங்கின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், சுற்றுப்புறம் முழுவதையும் ஒருசேரப் பதிவுசெய்யும் 360 டிகிரி காமிரா ஒன்றை வைத்து எங்கள் சூழல் மன்றத்தினர் நான்கு நிமிடப் படம் எடுத்தோம். அந்தப் படத்தைக் கண்முன் விரிக்கும் ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடித் தலையில் அணியும் மெய்நிகர்க் காட்சிக் கருவியை, மாட்டிக்கொண்டவருக்கு வண்டிச் சக்கரங்கள் முகத்துக்கு நேரே வந்து திரும்புவது போலத் தோன்றும். கார் ஜன்னலிலிருந்து நீளும் கைகள் பூதாகாரமாகத் தெரியும். வலப்பக்கம் தலையைத் திருப்பினால், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி தாய்க் குரங்கு ஒன்று கையெட்டும் தொலைவில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்தவர்களில் பலர் கலங்கிப்போனார்கள். நினைத்தது நடந்துவிட்டதென்று நாங்களும் மகிழ்ந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மாணவர்களையும் சில பெற்றோரையும் வேனில் மலைக்கு அழைத்துச் சென்றபோது, அடிவாரத்துக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்ன ஒரு தாய், இரண்டு சீப்பு வாழைப்பழமும் நான்கு பொட்டலம் பொரியும் வாங்கிக்கொண்டு ஏறினார். யாருக்கென்று கேட்டேன். "பாவமுங்க சார், அன்னைக்கு நாமதான் பார்த்தோமில்ல, பசியோட உட்கார்ந்திருந்துச்சே" என்றார்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்காகவே எடுத்த படம் அது. கொடுத்துப் பழக்கினால் காட்டில் இலையும் பழமும் பூச்சியும் தேடித் தின்ன வேண்டிய நாட்டுக் குரங்குகள் சாலையோரத்திலேயே தங்கிவிடுகின்றன, வண்டியில் அடிபடுகின்றன, கையில் பை வைத்திருப்பவர் மேல் பாய்கின்றன. இதையெல்லாம் நாங்கள் அறிந்திருந்தோம். படம் பார்த்தவர் அறியவில்லை. அவருக்குள் பரிவு சுரந்தது உண்மை. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நாங்கள் காட்டவில்லை. பள்ளியிலோ கல்லூரியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ மெய்நிகர்க் காட்சிகளைக் கொண்டு சூழல் பற்றிய நிகழ்ச்சி நடத்த விரும்புவோருக்காக எழுதப்படும் இந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பிழையிலிருந்து நாங்கள் கற்றவை.

ஆய்வுகள் எதுவரை துணை வரும்

இந்த ஊடகத்தின் மேல் பெரிய நம்பிக்கை பிறந்த ஆண்டு 2015. ஜோர்டானில் உள்ள சாத்தரி அகதி முகாமில் வாழ்ந்த 12 வயதுச் சிரியச் சிறுமியின் அன்றாடத்தை 360 டிகிரியில் காட்டிய படம் ஐ.நா. சபையின் ஆதரவோடு அப்போது வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிறிஸ் மில்க், பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்று இந்த ஊடகத்தை மேடையேறி வர்ணித்தார். அந்த வர்ணனையை அப்படியே நம்பி ஹெட்செட் வாங்கிய நிறுவனங்கள் ஏராளம். பின்னர் வந்த ஆய்வுகள் அதைப் பாதி உறுதிப்படுத்தின, பாதி திருத்தின.

உறுதிப்படுத்திய பக்கத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2014ஆம் ஆண்டில் சன் ஜூ ஆன், ஜெரமி பெய்லன்சன் முதலியோர் வெளியிட்ட மரம் வெட்டும் சோதனை. காகிதத்துக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு பிரிவினர் மரம் வெட்டப்படுவதைப் பற்றிய விவரிப்பைப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஹெட்செட்டுக்குள் நின்று, கையில் அதிரும் கருவியை ரம்பமாகப் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துத் தாங்களே மரத்தை வீழ்த்தினார்கள். அதன் பிறகு சோதனையாளர் தவறித் தட்டிவிட்டது போல ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்து, துடைப்பதற்கு ஒவ்வொருவரும் எத்தனை காகிதத் துண்டுகளை எடுக்கிறார்கள் என்று எண்ணினார். மரத்தைத் தம் கையால் வெட்டியவர்கள், படித்தவர்களைவிட 20 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அவர்கள் கண்ணீர் விட்டார்களா என்பது அங்கே அளவுகோலாக இருக்கவில்லை. 'என் கை செய்கிற காரியத்துக்குச் சூழலில் விளைவு உண்டு' என்ற எண்ணம் வலுத்ததையே ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். எங்கள் குரங்குப் படத்தில் பார்ப்பவருக்குக் கையே இல்லை. எல்லாம் அவர்மேல் நிகழ்ந்தன. அவர் செய்ததென்று ஒன்றும் இல்லை.

திருத்திய பக்கத்தில் முக்கியமானது, 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021இல் வெளிவந்த தொகுப்பாய்வு. பரிவு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சரக்கு இருக்கிறது. பிறர் படும் பாட்டைக் கண்டு நெஞ்சு பதைப்பது ஒன்று. அவர் நிலையிலிருந்து உலகம் எப்படித் தெரிகிறது, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று உணர்ந்தறிவது மற்றொன்று. மெய்நிகர்க் காட்சி முதலாவதை உயர்த்துகிறது, இரண்டாவதை உயர்த்தவில்லை என்பதே அந்தத் தொகுப்பாய்வின் முடிவு. இது வியப்பதற்குரியதன்று. கதை கேட்கும்போது காட்சியை நாமே மனத்தில் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. ஹெட்செட் அந்த உழைப்பை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு ஆயத்தமான காட்சியைக் கண்முன் வைத்துவிடுகிறது. ஆகவே பதைப்பைக் கருவி பார்த்துக்கொள்ளும். புரிதலை நிகழ்ச்சி நடத்துபவர்தான் பேச்சால் உண்டாக்கியாக வேண்டும். பொரி வாங்கிய தாயிடம் இல்லாமல்போனது இரண்டாவதுதான்.

படத்துக்கு முன்னால் செயலைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான குழுக்கள் முதலில் படத்தைத் தேடுகின்றன. பனிக்கரடி, பவளப்பாறை, அமேசான் காடு என்று இலவசமாகக் கிடைப்பவற்றுள் அழகானது ஒன்று அகப்பட்டதும் தேதி குறித்துவிடுகிறார்கள். பனிக்கரடியைப் பார்த்துவிட்டு வெளியே வரும் சேலம் அம்மாபேட்டை மாணவர் அன்று மாலை என்ன செய்ய முடியும் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் வற்புறுத்துவது இந்த வரிசையைத் தலைகீழாக்குவதை: முதலில், பார்த்தவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் செயல் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். 'இயற்கையை நேசிப்பது' எண்ண முடியாதது. 'வளைவுகளில் குரங்கைக் கண்டால் கார்க் கண்ணாடியை ஏற்றுவது' எண்ணக்கூடியது. மலைக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவது, அண்ணா பூங்கா வாசலில் பழம் வாங்கும்போது மஞ்சப்பையை நீட்டுவது, ஏரிக்கரையில் பிளாஸ்டிக் டம்ளரை மறுப்பது ஆகியவையும் அப்படிப்பட்டவையே. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருப்பதால், இவற்றைச் சொல்லும்போது சட்டமும் நம் பக்கம் நிற்கிறது.

அடுத்ததாக, அந்தச் செயல் அந்த இடத்தில் இயலுமா என்பதை நீங்களே போய்ச் சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மேலே அதை எங்கே நிரப்புவது என்று தெரியாமல் நாற்பது பேரை வெயிலில் நிறுத்தினால், அடுத்த முறை அவர்கள் கடைப் பாட்டிலைத்தான் வாங்குவார்கள், வாங்குவதில் தவறும் இல்லை. அச்சமூட்டும் செய்தியைக் கேட்பவர், தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கருதினால் செய்தியையே மறுக்கவோ மறக்கவோ முற்படுகிறார் என்பது உளவியலில் நன்கு பதிவான ஒன்று. வழி காட்டாமல் பயத்தை மட்டும் கூட்டினால் ஹெட்செட் அந்த மறுப்பை இன்னும் ஆழமாக்கிவிடும்.

எதற்கு ஹெட்செட் வேண்டாம்

இதில் என் கருத்து சற்றுக் கறாரானது. சேலம் கோரிமேட்டிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நேரில் பார்க்கக்கூடிய எதையும் ஹெட்செட்டில் காட்டாதீர்கள். கோடை மழை ஒன்று விழுந்து காபிச் செடி முழுதும் வெள்ளையாகப் பூத்திருக்கும் நாளில் எஸ்டேட் ஓரமாக நடந்தால் மல்லிகை போன்ற அந்த வாசம் உடம்பெல்லாம் ஏறும். எந்தத் திரையிலும் அது வராது. படத்தில் பார்த்தாயிற்றே என்று பிள்ளைகள் நேரில் போகாமலிருந்தால் நமக்கு நட்டமே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2003 முதல் மெய்நிகர் மனிதத் தொடர்பு ஆய்வகத்தை நடத்திவரும் பெய்லன்சனே இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார்: நேரில் செய்தால் ஆபத்தானது, செய்யவே இயலாதது, செய்தால் எதிர்விளைவு உண்டாக்குவது, பெருஞ்செலவு பிடிப்பது ஆகிய நான்குக்கு மட்டுமே இந்தக் கருவி தகும். கடல்நீர் அமிலமாவதை மாணவர்களுக்குக் காட்ட அவருடைய குழுவினர் ஹெட்செட்டைப் பயன்படுத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பல பத்தாண்டுகளில் கடலடியில் நிகழ்வதை எந்தச் சுற்றுலாவாலும் காட்ட முடியாது.

நம் ஊருக்கு வந்தால், காட்டத் தகுந்தவற்றுள் முதலிடம் காலத்துக்கு. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரைப் பெறும் கன்னங்குறிச்சி மூக்கனேரியின் கரையில் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஏப்ரலில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் காமிராவை வைத்து எடுத்து, இரண்டையும் ஒட்டிக் காட்டினால், நின்ற இடத்திலேயே பல மாதம் கடந்து போவதைப் பார்ப்பவர் உணர்வார். தீப்பிடித்த மலைச்சரிவின் கருகிய தரை, மழைக்காலத்தில் குப்பையோடு திருமணிமுத்தாற்றில் சேரும் சாக்கடை வாய், சாலையில் குரங்கின் உயரம் ஆகியவையும் இப்படி நேரில் நின்று பார்க்கத் தகாதவை.

காமிரா வைக்கும்போது

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண 360 டிகிரி காமிராவே போதும். நகராமல் வைப்பதே தலையாய விதி. காமிரா நகர்ந்தால் கண் அசைவைச் சொல்லும், காதின் உட்பகுதி அசைவில்லை என்று சொல்லும், இரண்டுக்கும் இடையே வயிறு புரளும். ஓடும் வண்டியில் வைத்து எடுத்த அழகான காட்சி ஒன்றை நாங்கள் மனமில்லாமல் நீக்கினோம். பொருட்கள் காமிராவுக்கு மிக அருகே இருந்தால் இரு லென்ஸ்களின் படங்களும் ஒட்டும் கோட்டில் அவை வெட்டுப்படும் என்பதால் ஏறத்தாழ ஒரு மீட்டராவது விலக்கி வையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் 20 நொடியாவது கொடுங்கள். பார்ப்பவர் முதல் பத்து நொடியைத் தாம் எங்கே இருக்கிறோம் என்று தேடுவதிலேயே செலவிடுவார். ஒலியைத் தனியாகவும் பதிவுசெய்யுங்கள்: வளைவுக்குக் கீழே எங்கோ ஏறிவரும் பேருந்தின் ஹாரன் முதுகுப்பக்கம் கேட்டால்தான் உடம்பு அந்த இடத்தை நம்பும்.

காப்புக்காட்டுக்குள் இறங்குவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. சாலையோரத்தில் எடுப்பதாக இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். முதல் படப்பிடிப்பில் குரங்குகள் காமிராவுக்கு அருகே வரவில்லை என்று எங்களில் ஒருவர் பிஸ்கட்டைப் பிய்த்துச் சுவரின் மேல் வைத்தார். தாய்க் குரங்கு அவ்வளவு அருகில் வந்து உட்கார்ந்ததன் இரகசியம் அதுதான். தின்பண்டம் கொடுக்காதீர்கள் என்ற படத்தைத் தின்பண்டம் கொடுத்து எடுத்தோம். அது படத்தில் தெரியாமல் போகவும் இல்லை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் அந்தக் குரங்கு பார்த்தது நம்மை அன்று, அடுத்த பிஸ்கட்டை.

இரண்டாவது பதிப்பில் அந்தக் காட்சியை முழுதும் நீக்கினோம். முதலில், சாலையை விட்டு விலகிய அத்தி மரமொன்றில் குரங்குக் கூட்டம் பழம் பறித்துக் கன்னப்பையில் அடைத்துக்கொள்வதைத் தொலைவிலிருந்து காட்டினோம். மலையில் அவற்றுக்குச் சாப்பாடு இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கியது. பிறகு சாலையில் சக்கரங்களின் உயரத்துக்கு இறங்கினோம். கடைசிக் காட்சியில் பார்ப்பவரை நின்றிருந்த காரின் பின்னிருக்கைக்கு மாற்றினோம்: வெளியே குரங்கு, உள்ளே மடியில் பொரிப் பொட்டலம், பக்கத்தில் கண்ணாடி ஏற்றும் பொத்தான். படம் அந்த இடத்தில் நின்றுவிடும். பார்ப்பவர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்துவது போல் செய்தால், அருகில் நிற்கும் தன்னார்வலர் படத்தை மேலே ஓடவிடுவார், கண்ணாடி ஏறும். செயற்கையான ஏற்பாடுதான். ஆனாலும் பார்ப்பவருக்கு ஒரு கை கிடைத்தது.

குப்பையைக் காட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரத்துண்டுகளுக்குப் பெயர்பெற்ற தேசியப் பூங்கா ஒன்றில், உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் பாதையில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, இருவகை அறிவிப்புகளைச் சோதித்தார்கள். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துச் சென்றதால் காட்டின் இயல்பே கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு இருந்தபோது ஏறத்தாழ 8 சதவீதத் துண்டுகள் களவு போயின. எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்டுக்கொண்ட அறிவிப்பு இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவாகவே போயின. எல்லோரும் செய்கிறார்கள் என்ற செய்தி, நீயும் செய்யலாம் என்று காதில் விழுகிறது. கிளியூர் அருவிக்குப் போகும் வழியில் பார்ப்பவரைச் சுற்றி 360 டிகிரியிலும் பாட்டில்களையும் சிப்ஸ் உறைகளையும் பரப்பிக் காட்டுவது கோபத்தைக் கிளப்பலாம். அதோடு, இங்கே போடுவதுதான் வழக்கம் என்பதையும் கற்றுக்கொடுத்துவிடும். காட்டியே ஆக வேண்டுமென்றால், அதே இடத்தில் நான்கு பேர் தங்கள் குப்பையைப் பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மலைக் கிராமத்தாரைப் படமெடுப்பது

நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுக்குள் காமிராவைக் கொண்டுபோய், அவர்களுடைய தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சேலத்து மாணவர்களுக்குக் காட்டலாமே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். நான் தயங்குகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சியைச் செய்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் இயலும் என்பதை முன்பைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சில நிமிடம் தடுமாறியவருக்குத் தடுமாற்றம் மட்டுமே தெரிந்தது. பல்லாண்டுப் பழக்கத்தில் வந்த திறமை தெரியவில்லை. நான்கு நிமிடம் குடத்தோடு ஏற்றம் ஏறிப் பார்த்த நகரத்துப் பிள்ளைக்கும் அதுவே நேரலாம்: 'பாவம் அவர்கள்' என்பதோடு வெளியே வந்துவிடும்.

எடுப்பதாக இருந்தால், எதைக் காட்ட வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். 360 டிகிரி காமிரா முதுகுப்பக்கத்தையும் பதிவு செய்யும் என்பதைப் பெரும்பாலானோர் அறியமாட்டார்கள். ஒருவர் பேச ஒப்புக்கொண்டது, அவருக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஒப்புக்கொண்டதாகாது. காமிராவை வைப்பதற்கு முன்பே ஹெட்செட்டை அவர்கள் கையில் கொடுத்து, படம் எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். முடிந்த படத்தை முதலில் அந்த ஊரிலேயே போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கிவிட்டுப் பிறகு கீழே கொண்டுவாருங்கள்.

காட்டும் நாள்

நிகழ்ச்சியை மலைமேல் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். 20 வளைவுகளையும் ஏறியதில் ஏற்கெனவே பாதிப் பேருக்குக் குமட்டிக்கொண்டிருக்கும். அந்த வயிற்றோடு ஹெட்செட்டை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் ஒரு வாளி சாட்சி இருக்கிறது. கீழே, பள்ளி அறையில், மதிய உணவுக்கு முன் நடத்துங்கள்.

சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டுவது பாதுகாப்பானது. கருவியோடு வரும் வயது வரம்பைப் படித்துவிட்டு, வலிப்பு உள்ளவர்களையும் ஒற்றைத் தலைவலிக்காரர்களையும் முன்பே கேட்டு, அவர்களுக்கு அதே படத்தைச் சாதாரணத் திரையில் காட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையை உயர்த்தினால் உடனே கழற்றுவோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே இருப்பவரின் தோளைச் சொல்லாமல் தொடாதீர்கள். கணக்கையும் முன்கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு மாட்டிவிடுவது, காட்டுவது, கழற்றுவது, துடைப்பது எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் என்றால், இரண்டு ஹெட்செட்டில் 30 பேருக்கு இரண்டு மணி நேரம். காத்திருப்பவர்களை வேறு அறையில் வையுங்கள். உள்ளே இருப்பவர் 'ஐயோ' என்று அலறுவதைக் கேட்டபடி வரிசையில் நின்ற பையன் ஹெட்செட்டைப் போடும்போது வேடிக்கைக்குத் தயாராகிவிடுகிறான். அதன் பிறகு எந்தப் படமும் அவனைத் தொடாது.

கழற்றியவுடன் ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம். அடுத்து, எப்படி இருந்தது என்று கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 'அந்த இடத்தில் நான் இருந்தால்' என்று எண்ணுபவருக்குப் பரிவோடு சொந்தப் பதற்றமும் சேர்ந்து எழுகிறது என்றும், 'அந்த இடத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்' என்று எண்ணுபவரிடம் பரிவே முன்னிற்கிறது என்றும் உளவியலாளர் டேனியல் பேட்சன் 1997இல் காட்டியிருக்கிறார். பதற்றம் ஏறியவர் அதைத் தணித்துக்கொள்ளவே முதலில் பார்ப்பார். கண்ணில் பட்ட குரங்குக்கு ஒரு பழத்தைப் போட்டுவிட்டால் அது உடனே தணிந்துவிடுகிறது. ஆகவே கேள்விகள் குரங்கைப் பற்றியதாக இருக்கட்டும். அதற்கு எது தெரியும், எது தெரியாது? கார் நிற்கும் சத்தத்தை அது என்னவென்று புரிந்துகொள்கிறது? அந்தக் குட்டி யாரைப் பார்த்துச் சாலைக்கு வரக் கற்றுக்கொள்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு எட்டாம் வகுப்பு மாணவி, "அம்மாவைப் பார்த்து. அம்மா நம்மளைப் பார்த்து" என்றாள். அதன் பிறகு எங்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையே இருக்கவில்லை.

எஸ்டேட் காட்சிகள் இருந்தால் ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிழலுக்காகக் காபித் தோட்டமெங்கும் நட்டுவைத்து மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஹெட்செட்டுக்குள் அது பச்சைப்பசேலென்று காடாகவே தெரியும். உணர்வு பச்சையைத்தான் பார்க்கும், எந்தப் பச்சை என்பதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் சிறு அட்டை ஒன்றைக் கொடுத்து, 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்' என்ற வடிவில் ஒரே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து இப்படி எழுதிக்கொள்ளும் தீர்மானம், பொதுவான நல்லெண்ணத்தைவிட நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளால் அறியப்பட்டது. நம் மலைப்பாதை இதற்கென்றே போட்டது போல, எண்ணிக்கையிட்ட வளைவுகளோடு இருக்கிறது. 'ஆறாவது வளைவு வந்ததும் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றுவேன்' என்று எழுதியவர், ஆறாவது வளைவில் தம்மையறியாமல் பொத்தானைத் தேடுகிறார்.

எண்ணிப் பார்ப்பது

நிகழ்ச்சி முடிவில் கருத்துப் படிவம் கொடுத்து, 'மிகவும் மனம் கசிந்தது' என்ற கட்டத்தில் எத்தனை பேர் குறியிட்டார்கள் என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு மதிப்பில்லை. எங்கள் முதல் படமும் அந்தப் படிவத்தில் முழு மதிப்பெண் வாங்கியதுதான்.

எண்ண வேண்டியது செயலை. அடிவாரத்தில் வாங்கிய பொட்டலங்கள், வளைவுகளில் இறங்கிய கண்ணாடிகள், ஏறும்போது இருந்த பாட்டில்கள், இறங்கும்போது இருக்கும் பாட்டில்கள். எண்ணுபவர் யார் எந்தப் படத்தைப் பார்த்தவர் என்று அறியாதவராக இருப்பது நல்லது. வேன் ஓட்டுநரின் உதவியாளர் எங்களுக்கு இதைச் செய்து கொடுத்தார். முடிந்தால் மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹெட்செட்டும், மறுபாதிக்குப் புகைப்படங்களோடு அதே பேச்சும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பலனைத் தந்தால் ஹெட்செட் வாடகை மிச்சம். அதுவும் நல்ல முடிவே.

ஒரு நாள் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். வீடிழந்தவரின் நிலையை ஹெட்செட்டில் அனுபவித்தவர்களையும் அதையே கதையாகப் படித்தவர்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஹெட்செட் பிரிவினருள் கூடுதலானோர் வீடற்றோருக்கு ஆதரவான கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய மனப்பான்மையை எட்டு வாரம் தொடர்ந்து பார்த்ததால்தான் படித்தவர்களிடம் அது தேய்ந்ததும் இவர்களிடம் நீடித்ததும் தெரியவந்தது. எட்டு வாரம் கழித்து மாணவர்கள் எழுதிய அட்டைகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து, செய்தார்களா என்று கேளுங்கள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு அடுத்ததைச் செய்யாமலிருக்கச் சலுகை கொடுத்துவிடுவதும் உண்டு. கண்ணாடியை ஏற்றியவர் அருவியருகே பாட்டிலை வீசிவிட்டு வந்தாரா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் இரண்டாவது பயணத்தில் வளைவுகளில் ஒரு கண்ணாடியும் இறங்கவில்லை. அது படத்தின் வேலையா, பேச்சின் வேலையா, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்ததன் வேலையா என்று ஒரு வேன் அளவிலான கணக்கைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. அதே தாய் அன்றும் வந்திருந்தார். அதே கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி அதே நான்கு பொட்டலம் பொரி வாங்கினார். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறாவது வளைவுக்கு முன்பே பொட்டலங்களைப் பிரித்து, மூடிய கண்ணாடிகளுக்குள் பின்னிருக்கை வரை கைமாற்றிக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, நான்கு காலி உறைகளையும் மடித்து உதவியாளரிடம் நீட்டி, "இதையும் எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார்.